கேட்காமல் எடுத்த ரத்தம்

மருமகள் என் அறையில் வந்து படுக்க ஆரம்பித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. புருஷனோடு சண்டை போட்டவள் மாமியார் அறையில் புகுந்துகொள்வது உலகத்தில் எங்கள் வீட்டில்தான் நடக்கும் என்று நினைக்கிறேன்.

சண்டை இன்னதென்று போன வாரம் எழுதியதிலேயே சொல்லிவிட்டேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக மறுபடி. பிறந்த பிள்ளைக்கு நுனித்தோல் நீக்கியே ஆகவேண்டும் என்றான் என் மகன். கூடவே கூடாது என்றாள் அவள். பிள்ளைக்கு நோயும் இல்லை, எங்கள் குடும்பத்தில் அப்படியொரு வழக்கமும் இல்லை. காரணம் என் கைகள்.

பாலிஷ் பட்டறையில் தின்னர் டிரம் வெடித்தபோது உள்ளே இருந்தவர் என் கணவர். அவரை இழுக்கப் போனவள் நான். முழங்கைக்குக் கீழே இரண்டு கையும் உரித்த பழம் மாதிரி ஆகிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில், பச்சைக் குழந்தைகளின் நுனித்தோலிலிருந்து தட்டுகளில் வளர்த்த தோலை, பாலில் ஏடு எடுப்பதுபோல எடுத்து என் கைகளில் பரப்பினார்கள். இன்று இதை எழுதுவதும் அந்தத் தோல் மூடிய கைதான்.

அவருக்கு வைக்கத் தட்டு மீதியில்லை. அவர் போய்விட்டார்.

அந்தச் சமயத்தில் பிரசவ வார்டில் ஒரு தாய், "எங்க குழந்தையோடதை எடுக்கக் கூடாது" என்று மறுத்துவிட்டதாக யாரோ பேசியது என் மகன் காதில் விழுந்தது. முகம் தெரியாத அந்தப் பெண்தான் அப்பாவைக் கொன்றாள் என்று அவன் மனசில் பதிந்துவிட்டது. இப்போது அவன் கட்டிய பெண்டாட்டியும் அதையே சொல்கிறாள்.

இவ்வளவுதான் கதை. இனி அந்த வெள்ளிக்கிழமை.

காலையில் மருமகள் என் கைகளுக்குக் களிம்பு தடவிக்கொண்டிருந்தாள். வேர்க்காத தோல் அது. தினம் தடவாவிட்டால் வெடித்துவிடும். பிள்ளை கட்டிலில் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தான். உருண்டை என்று கூப்பிடுவோம். பிறக்கும்போதே கன்னத்தோடு பிறந்தவன்.

மகன் ஐஸ்பெட்டியோடு உள்ளே வந்தான். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து ஆஸ்பத்திரி ஆய்வகத்துக்குக் கொண்டு போவது அவன் வேலை. தெருவில் அவனுக்குக் கொசு என்று பெயர். அவனே சிரித்துக்கொண்டு, "ஆமா, கடிக்கத்தான் வந்திருக்கேன்" என்பான்.

"மூஞ்சி சுண்ணாம்பா வெளுத்திருக்கு. ரத்தம் எவ்வளவு இருக்குன்னு பாத்துடலாம். கையை நீட்டு" என்றான்.

"ஒரு வாரமா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு இருந்தீங்க. வெளுத்தது மட்டும் எப்படித் தெரிஞ்சுதாம்?"

"சண்டை சண்டையா இருக்கட்டும். சோகை சோகையா இருக்கட்டும். வயித்தைக் கிழிச்சுப் பிள்ளை எடுத்த உடம்பு. நான் பாக்காம எதிர்வீட்டுக்காரனா பாப்பான்?"

அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். ஒரு வாரமாக மூச்சு முட்டிக்கிடந்த அறையில் யாரோ ஜன்னலைத் திறந்த மாதிரி இருந்தது. அவள் சுடிதார்க் கையை மேலே ஏற்றிக்கொண்டு கையை நீட்டினாள். அவன் ரப்பர் பட்டையைக் கட்டினான்.

"எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்."

"எறும்பா? கொசுன்னு இல்ல கேள்விப்பட்டேன்?"

இரண்டு கண்ணாடிக் குழாய் நிறைய எடுத்தான். பஞ்சை வைத்து, கையை மடக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னான். எப்போதும்போல் பதமான கை. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு நிதானமான கை.

அவள் பஞ்சை அழுத்திக்கொண்டே, குழாய்களை வைத்த தட்டைப் பார்த்தாள்.

"சிவப்பு மூடி போட்டிருக்கீங்க."

"ஊதா தீந்துபோச்சு."

"மேல்தட்டு முழுக்க ஊதாதான் இருக்கு. நேத்து சாயங்காலம் நான்தானே அடுக்கினேன். சண்டைன்னா அடுக்கறதையா நிறுத்திட்டேன்?"

ஊரில் இருக்கிற எந்தப் பெண்ணிடம் இந்தப் பொய்யைச் சொல்லியிருந்தாலும் செல்லியிருக்கும். கல்யாணமான நாளிலிருந்து அவனுக்காகச் சீட்டு ஒட்டி, மூடி பிரித்து, பெட்டி அடுக்கிக் கொடுத்தவளிடம் போய்ச் சொன்னான்.

"ரத்த அளவுக்கு ஊதா. சர்க்கரைக்குச் சாம்பல். சிவப்புல கிருமி பாப்பாங்க" என்றாள் அவள். குரல் உயரவே இல்லை. "தோல் குடுக்கற குழந்தையோட அம்மா ரத்தத்துல எந்தக் கிருமியும் இல்லன்னு முதல்ல பாப்பாங்க. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? அம்மா ரத்தம் வந்தா அம்மாவுக்குச் சம்மதம்னு அர்த்தம். அங்க வேற யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. நீங்க கொண்டு போனா கேக்கவே மாட்டாங்க."

"நான் சொல்றதைக் கேளு..."

"எடுக்கறதுக்கு முன்னாடியில்ல கேக்கணும்!"

தட்டைத் தூக்கி எறிந்தாள். ஒரு குழாய் சுவரில் மோதிச் சிதறியது. அவள் ரத்தம் சுண்ணாம்புச் சுவரில் கோடு கோடாக இறங்கியது. இன்னொன்றை அவன் எட்டிப் பிடித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். அதே கையால் அவளை அறைந்தான்.

அவள் அழுவாள் என்றுதான் அவன் நினைத்திருப்பான். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவள் ஐஸ்பெட்டி மூடியைப் பிடுங்கி, அதன் விளிம்பால் அவன் மூக்கின் மேல் அடித்தாள். எலும்பு உடையும் சத்தம் எனக்குக் கேட்டது. அவன் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறுகையால் அவள் கூந்தலைச் சுருட்டிப் பிடித்து, தலையைச் சுவரோடு சேர்த்து மோதினான். ஒருமுறை. இன்னொருமுறை.

நான் நடுவில் புகுந்தேன். "விடுடா, பாவி! பிள்ளை பெத்த உடம்புடா!"

என்னையும் தள்ளினான். உடைந்த கண்ணாடி மேல் கையூன்றி விழுந்தேன். இந்தத் தோலில் வெட்டுப்பட்டால் வலி தெரியாது. ஈரம் மட்டும்தான் தெரியும். எழுந்து பார்ப்பதற்குள் உருண்டையைத் துணியோடு வாரித் தோளில் போட்டுக்கொண்டுவிட்டான். பிள்ளை வீறிட்டது.

அவள் ஓடிப்போய் வாசற்கதவை மறித்து நின்றாள்.

"டேய், அவனைக் கீழ வை."

அவள் வாயிலிருந்து 'டேய்' என்று வந்தது அதுதான் முதல்முறை. அதுவரைக்கும் 'என்னங்க'தான். தூக்கத்தில் உளறினாலும் 'என்னங்க'தான்.

"நகரு" என்றான். உதட்டில் வழிந்த ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னான். "இப்படித்தான் அன்னிக்கு ஒருத்தி மறிச்சுக்கிட்டு நின்னா. அதான் எங்கப்பா செத்தாரு."

"அவ பிள்ளை, அவ மாட்டேன்னா. இவன் என் பிள்ளை. நானும் மாட்டேங்கறேன். நாளைக்கு வளந்து நிக்கட்டும். யாருக்காவது தோல் வேணும்னா அவன்கிட்ட கேளு. தொடையிலிருந்து உரிச்சுக் குடுப்பேன்னு அவன் சொன்னா நானே பக்கத்துல நின்னு விசிறுவேன். அவன் உடம்பு அவனுது. உன்னுதும் இல்ல, என்னுதும் இல்ல."

"துளி தோல்டி. துளியூண்டு!"

"துளியோ முழமோ, தோல் வேலை செய்யறவ நான். என்கிட்ட அளவு சொல்லாதே."

அதுவும் உண்மைதான். அவள் செருப்புத் தொழிற்சாலையில் மேல்தோல் வெட்டும் பிரிவில் இருந்தவள். பிரசவத்துக்காக விடுப்பில் வந்தவள். வெட்டின இடத்தை எந்தத் தையலும் பழையபடி ஆக்காது என்று எங்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

அவன் அவளைத் தோளால் இடித்தான். அவள் திரும்பிக் கதவைக் கட்டிக்கொண்டாள். அவன் கதவைப் பிடித்து முழு பலத்தோடு உள்பக்கமாக இழுத்தான். இரும்புக் கைப்பிடி அவள் அடிவயிற்றில், தையல் போட்ட இடத்தில், பாய்ந்தது. சத்தமே போடாமல் மடங்கி உட்கார்ந்தாள். அவன் அவளைத் தாண்டிப் போனான். தெருமுனையில் வாடகை வண்டி ஒன்று நின்றிருந்தது. முன்னேற்பாடு.

"அத்தை, எங்க அண்ணனைக் கூப்பிடுங்க" என்றாள்.

*

அவள் அண்ணனுக்கு டயர்க்கடை. கூப்பிட்ட சூட்டோடு சரக்கு வண்டியை எங்கள் வாசலில் ஏற்றி நிறுத்தினான். தங்கையின் வீங்கின முகத்தைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். ஒன்றுமே கேட்காமல் அவளைக் கைத்தாங்கலாகத் தூக்கி முன்சீட்டில் உட்கார வைத்தான். சீட்டுக்கு அடியில் டயர் கழற்றும் நெம்புகோல் கிடந்தது. அதை எடுத்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டுதான் வண்டியைக் கிளப்பினான்.

"அதை உள்ளே போடுப்பா" என்றேன்.

"கொசு அடிக்க இது பெருசுதான் அத்தை. ஆனா கையில வேற இல்லை."

"அடிக்காதே. பிள்ளையை மட்டும் வாங்கிக்கிட்டு வா."

"எப்படி வாங்கறது? கடையில நின்னு, பிள்ளை ஒண்ணு குடுங்கன்னு கேக்கவா? மாப்பிள்ளை, மாப்பிள்ளைன்னு தலையில தூக்கி வெச்சு ஆடினேன். என் தங்கச்சி மூஞ்சியைப் பாருங்க, எப்படி இருக்குன்னு."

மருமகள் எங்களைக் கவனிக்கவில்லை. முன்னால் குனிந்து, துப்பட்டாவைச் சுருட்டி வயிற்றில் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதாம்மா?"

"வேகமாப் போகச் சொல்லுங்க அத்தை" என்றாள்.

ஆஸ்பத்திரியின் பின்கட்டு எனக்குத் தலைகீழாகத் தெரியும். நீளமான நடை. ஒருபக்கம் தீக்காய வார்டுக்குப் போகும் மாடிப்படி. மறுபக்கம் சின்ன அறுவைகள் செய்கிற அறை. அந்த அறை வாசலில் என் மகன் நின்றிருந்தான், மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு. எங்களைப் பார்த்ததும் கதவுக்கு முன்னால் வந்து கைகளை விரித்தான்.

"மச்சான், வேண்டாம். இது குடும்ப விஷயம்."

"நான் என்ன, தெருவில போறவனா?" என்றான் டயர்க்கடைக்காரன். வலது கையில் நெம்புகோல் தொங்கிக்கொண்டிருக்க, இடது கையால் கன்னத்தில் குத்தினான்.

இரண்டு பேரும் நோயாளிகள் உட்காரும் பெஞ்சோடு சேர்ந்து கவிழ்ந்தார்கள். சலைன் தாங்கி சாய்ந்தது. யாரோ ஒரு கிழவர் ஊன்றுகோலைத் தூக்கிக்கொண்டு ஓடினார். என் மகன் எழுந்து, ஒரு தள்ளுவண்டியிலிருந்து கட்டு வெட்டும் கத்தரியை எடுத்து மச்சான் தோளில் செருகினான். அவன் அலறவில்லை. கெட்டவார்த்தை ஒன்று சொல்லி, தலையால் முட்டினான்.

அந்த இடைவெளியில் நான் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன்.

உருண்டை ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையில் மல்லாந்து கிடந்தான். பிள்ளை வடிவத்திலேயே குழித்த பலகை. கைக்கு இரண்டு, காலுக்கு இரண்டு என்று துணிப்பட்டைகள் போட்டு இறுக்கியிருந்தது. அழுது அழுது தொண்டை கட்டிப்போய், வாய் மட்டும் திறந்து மூடியது. பக்கத்தில், வெட்டின தோலைப் போட்டுவைக்க ரோஸ் நிறத் திரவம் நிரப்பிய சின்னப் புட்டி, திறந்து தயாராக இருந்தது. நர்ஸ் ரத்தப் பரிசோதனை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு முடிவுக்காகக் காத்திருந்தாள். தோல் டாக்டரம்மா கையுறை போட்டு முடித்திருந்தார்.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. என் கைகளைக் காப்பாற்றியவர் அவர்தான்.

"வாங்கம்மா. பேரனுக்கு நீங்களே துணைக்கு வந்துட்டீங்களா? வெளியில என்ன சத்தம்?"

"டாக்டரம்மா, கட்டை அவுத்து விடுங்க. இவன் அம்மாவுக்கு இதுல இஷ்டம் இல்லை."

"ரத்தம் குடுத்திருக்காங்களே?"

"குடுக்கலை. சோகை பாக்கறேன்னு பொய் சொல்லி எடுத்தது."

டாக்டரம்மா நர்ஸின் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த ரத்தத்தைப் பார்த்தார். ஒவ்வொரு விரலாகக் கையுறையைக் கழற்றினார்.

"தினம் இருபது வீட்டு ரத்தம் கொண்டு வர்றான். ஒரு நாளும் ஒரு குழாயைக்கூட நான் சந்தேகப்பட்டதில்லை" என்றார். "பிள்ளைக்குச் சிறுநீர் போற வழியில தொல்லை, ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டோம்னான். நம்பினேன்."

நான் பட்டைகளை அவிழ்த்தேன். என் விரல்கள் முழுசாக மடங்காது. நாலாவது பட்டையை நர்ஸ் அவிழ்த்துக் கொடுத்தாள். உருண்டை என் தோளுக்கு வந்ததும், கட்டின தொண்டையால் ஒரு சின்னக் கேவல் விட்டான். ஒரு கீறல்கூட இல்லை. நான் இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன்.

வெளியே வந்தேன். டாக்டரம்மா எனக்குப் பின்னால். மருமகள் நடையின் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்தாள். சண்டை ஒரு நிமிஷம் நின்றது.

மகன் என் தோளைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் போய், வேறென்னமோ வந்தது.

"ஏம்மா? நீயாம்மா?"

"ஆமாண்டா. நான்தான்."

"மாடியில ஒரு சின்னப் பொண்ணு கிடக்கா, தெரியுமா? கழுத்திலேருந்து இடுப்பு வரைக்கும் தோல் இல்லை. நேத்து ரத்தம் எடுக்கப் போனேன். கையில இடமே இல்லம்மா. கால் கட்டைவிரல்ல எடுத்தேன். மாமா, வலிக்காம எடுன்னு சொன்னா. அவளுக்கு யாரு குடுப்பா? எல்லாரும் என் பிள்ளை, என் பிள்ளைன்னு பொத்தி வெச்சுக்கிட்டா யாரு குடுப்பா?"

அந்தக் கேள்விக்குப் பதில் படிக்கிற உங்களில் யாரிடமாவது இருந்தால் சந்தோஷம்.

"கேட்டு வாங்கணும்டா" என்றேன். "திருடி, அடிச்சு, உதைச்சு வாங்கறது தானமா?"

"கேட்டா குடுக்க மாட்டேங்கறாங்களே! உனக்கு ஒட்டும்போது யாரு கேட்டா? எந்தக் குழந்தை சரின்னு சொல்லிச்சு? நீ போட்டிருக்கியே, அதை முதல்ல கழட்டி வெச்சுட்டு அப்புறம் எனக்கு நியாயம் சொல்லு!"

சொல்லிக்கொண்டே பிள்ளையின் காலைப் பிடித்து இழுத்தான். நான் விடவில்லை. உருண்டையின் சின்ன உடம்பு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் விறைத்து நீண்டது.

"விடுடா!" என்று டயர்க்கடைக்காரன் கத்தியது காதில் விழுந்தது. நெம்புகோல் இறங்கினதை நான் பார்க்கவில்லை. அது மகனுடைய வலது மணிக்கட்டில் விழுந்தது. பிள்ளையின் காலிலிருந்து கை நழுவிச் சுவரோடு போயிற்று. அங்கேயே, சுவரோடு சேர்த்து, விரல்கள் மேல் இன்னொரு அடி. காய்ந்த சுள்ளிக் கட்டை மிதித்தால் வருமே, அந்தச் சத்தம்.

ஊசி பிடிக்கிற கை.

என் மகன் கையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். அவன் கத்தினது மாடிவரைக்கும் கேட்டிருக்கும். டயர்க்கடைக்காரன் மூன்றாவதாக ஓங்கினான். மருமகள் அண்ணன் முழங்கையைப் பிடித்துத் தொங்கினாள்.

"போதும்ணா. பிள்ளை வந்துட்டான். போதும்."

டாக்டரம்மா தரையில் மண்டியிட்டு, மகனின் கையைத் தூக்கிப் பார்த்தார்.

"உங்கப்பாவுக்கு வைக்கத் தட்டு இல்லாமப் போனது நிஜம். ஆனா பத்துத் தட்டு இருந்திருந்தாலும் அவரைக் காப்பாத்தியிருக்க முடியாது. உள்ளே சுவாசப்பை வெந்துபோச்சு. அன்னிக்கே உன்கிட்ட சொன்னேன். உன் காதில ஏறலை. எந்தப் பொண்ணும் உங்கப்பாவைக் கொல்லலைப்பா."

"பொய்" என்றான். "உங்களைக் காப்பாத்திக்கச் சொல்றீங்க."

"நான் பக்கத்துப் படுக்கையில கிடந்தேன்டா" என்றேன். "ராவெல்லாம் அவர் மூச்சைக் கேட்டேன். ரம்பம் அறுக்கற மாதிரி இருந்துச்சு. தோலால போன உயிர் இல்லைடா அது."

"நீயும் பொய்."

டாக்டரம்மா எழுந்து மருமகளைப் பார்த்தார். "மன்னிச்சிடும்மா. தோலுக்காகன்னு ஒரு குழந்தையையும் நான் தொட்டதில்லை. எப்படியும் நீக்கப்போறதைக் குப்பையில போடாம வாங்கிக்கறேன். அவ்வளவுதான்."

மருமகள் சுவரில் சாய்ந்து நின்றாள். உதடு வெளுத்திருந்தது. இப்போது நிஜமாகவே சுண்ணாம்பு மாதிரி.

"எங்க தொழிற்சாலையில தோல் வாங்கறவங்களும் அப்படித்தான் சொல்லுவாங்க டாக்டர். எல்லாம் தானா செத்த மாடுதான்னு. செருப்புக்கு ஆள் இருக்கிற வரைக்கும் மாடு தானா செத்துக்கிட்டேதான் இருக்கும்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எங்க அத்தை கையைக் காப்பாத்தினீங்க. தினம் நான்தான் களிம்பு தடவறேன். உங்களைத் திட்ட எனக்கு வாய் வரலை. ஆனா ஒருதடவை கீழ இறங்கி வந்து, அம்மா, உனக்குச் சம்மதமான்னு நேர்ல..."

முடிக்கவில்லை. துப்பட்டா கையிலிருந்து நழுவியது. அப்போதுதான் பார்த்தோம், அடிவயிற்றிலிருந்து கணுக்கால் வரைக்கும் ரத்தத்தில் நனைந்திருந்ததை. வண்டியில் வரும்போதே நனைய ஆரம்பித்திருக்க வேண்டும். ஒருவார்த்தை சொல்லவில்லை அவள், வேகமாகப் போகச் சொன்னதைத் தவிர.

அண்ணன் அவளைத் தாங்கிப் பிடித்தான். கத்தரி தோளில் குத்தினபடியே இருந்தது. தள்ளுவண்டி வந்தது. அறுவை அறைக் கதவு அவளை விழுங்கிக்கொண்டு மூடியது.

*

போலீஸ் வந்தது. நெம்புகோலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார்கள். டயர்க்கடைக்காரன் தோளில் கட்டோடு, இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, அறுவை அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். என் மகனை எலும்பு டாக்டரிடம் கொண்டு போகத் தள்ளுவண்டியில் படுக்க வைத்திருந்தார்கள். வலிக்கு ஊசி போட்டிருந்தார்கள். யாரோ புதுப் பையன் போட்டிருக்க வேண்டும். இரண்டு இடத்தில் குத்தின தடம் இருந்தது.

அவன் முகத்தில் காய்ந்திருந்த ரத்தத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். உருண்டை என் வலது தோளில் பசியோடு சப்புக்கொட்டிக்கொண்டிருந்தான்.

ஒரு பெண் போலீஸ் வந்து எதிரில் நின்றார். என் வயசிருக்கும்.

"நீங்கதான் அம்மாவா? உங்க மகன் கையை உடைச்சது யாருன்னு பாத்தீங்களா?"

டயர்க்கடைக்காரன் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவன் ஜெயிலுக்குள்ளே போனால் மருமகளுக்கு வேறு நாதியில்லை. அவன் உடைத்தது என் பிள்ளையின் கையை.

"அதோ உக்காந்திருக்காரே, அவர்தான். மருமகளோட அண்ணன். ரெண்டு அடி. மறைக்கலை" என்றேன். "ஆனா கதை அங்க ஆரம்பிக்கலை மேடம். காலையில எங்க வீட்டுல ஆரம்பிச்சது. அதை முதல்ல எழுதணும்."

"சொல்லுங்க."

"என் மருமகளைப் பொய் சொல்லி ஏமாத்தி ரத்தம் எடுத்தது இவன். கேட்டதுக்கு அறைஞ்சது இவன். தலையைச் சுவத்துல மோதினது இவன். தையல் போட்ட வயித்துல கதவை இடிச்சது இவன். பச்சைப் பிள்ளையைத் தூக்கிட்டு வந்தது இவன். நான் கண்ணால பாத்தேன்."

அவர் எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அம்மா, யோசிச்சுப் பேசுங்க. உள்ளே இருக்கிற பொண்ணுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா இது அடிதடி கேஸா இருக்காது. பெத்த பிள்ளை. உங்களுக்கும் வேற யாரும் இல்லைங்கறாங்க."

"புகாரே அவன் மேலதான்" என்றேன்.

மகன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். தூங்கிவிட்டான் என்று நினைத்திருந்தேன்.

"எழுதிக்குங்க மேடம்" என்றான். "எங்கம்மா பொய் சொல்ல மாட்டாங்க."

கொஞ்சநேரம் முன்னால் 'நீயும் பொய்' என்றவன். துணியை மறுபடி நனைத்து அவன் நெற்றிக்குக் கொண்டுபோனேன்.

முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இனிமே என்னைத் தொடாதேம்மா."

தள்ளுவண்டியை நகர்த்தினார்கள். ஒரு சக்கரம் சரியில்லை. நடை முழுக்கக் கீச்சிட்டுக்கொண்டே போனது. அறுவை அறைக் கதவுக்கு மேலே விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஒருத்தரும் வெளியே வரவில்லை.

பிள்ளையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

"மேல எழுதுங்க" என்றேன்.